மஞ்சள் வைக்காத போர்வை

போன பொங்கலுக்கு முந்தின பொங்கலன்று நடந்தது இது. இடம், விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை. பண்டிகை நாளில் அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அன்றைக்கு எங்கள் முறை, அவ்வளவுதான். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்காரருக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பொங்கல் வருகிறதே பாவம் என்று கெட்டுப்போன சிறுநீரகம் ஒரு நாளைக்கு மட்டும் எழுந்து வேலை பார்க்குமா என்ன?

எங்களுக்குத் திண்டிவனம். நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். அவர் ஊருக்கு வெளியே இருக்கும் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நிலத்தை அவருடைய அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் இருவரும் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ்ஸில் விழுப்புரம் வந்து, ஷேர் ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாலு மணி நேரம் அவர் கட்டிலில், நான் வெளியே பெஞ்சில். திரும்பி வந்து படுத்தால் மறுநாள் மதியம்தான் எழுந்திருப்பார். கொஞ்சம் தெம்பு வந்து தெருவரைக்கும் நடக்க ஆரம்பிக்கும்போது அடுத்த முறை வந்து நிற்கும்.

எங்கள் முறையில் மொத்தம் ஆறு கட்டில். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்ப் பெயர்தான். நாங்கள் திண்டிவனம். அவருக்கு வலது பக்கத்துக் கட்டிலில் கோலியனூர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய்த்துடுக்கு அதிகம். ஊசி குத்தும்போதுகூட நர்ஸிடம் ஏதாவது வம்பிழுத்துக்கொண்டிருப்பார். அவருக்குத் துணையாக அவர் வீட்டுக்காரர் வருவார். அக்கா பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார். எதிர்க் கட்டிலில் இரும்பையிலிருந்து வரும் பெரியவர். அவரோடு வருவது அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனோடேயே இருந்துவிட்டவர், அண்ணனை விட்டால் நாதியில்லை. மற்ற மூன்று பேரும் இளவயதுக்காரர்கள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எப்படி உறவானோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் டீ வாங்கப் போனால் மற்றவர் பையைப் பார்த்துக்கொள்வோம். யாருக்காவது உள்ளே தலை சுற்றிவிட்டது என்றால் எல்லோரும் எழுந்து நிற்போம். சொந்தத் தங்கையிடம் சொல்லாததை எல்லாம் நான் அந்த பெஞ்சில் சொல்லியிருக்கிறேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள், திரும்பி வருகிற பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். "பொங்கல் வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல வேணாம். எனக்கும் முடியல, உனக்கும் பேஜாரு."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். எங்கள் முறையிலேயே ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்தினார். பஸ்ஸுக்கு ஆள் துணை இல்லை, அலுத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் துக்கச் செய்தி வந்தது. அதே கட்டிலில் அடுத்த வாரம் வேறொருவர் படுத்திருந்தார். அந்த அறையில் காலியான கட்டிலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் படுத்தேன். நான் இருந்த இருப்பைக் கேள்விப்பட்டு பிள்ளைகள் அவரிடம் போனில் பேசினார்கள். டாக்டரிடம் சொன்னேன், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். அமைதியாக இருந்ததுதான் பயமாக இருந்தது. பொங்கல் வரைக்கும் என்றால் பொங்கலும் சேர்த்தியா, அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதா என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

இதற்கு நடுவில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொங்கலன்று நம் முறையில் இருக்கிற ஆறு பேருக்கும் கையால் ஏதாவது செய்துகொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? நல்ல மனசு என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். எல்லோர் மேலும் பிரியம் இருந்தது வாஸ்தவம். ஆனால் பாதிக் காரணம், பரிசு கொடுக்கிற சாக்கில் அவரை அன்றைக்கு அங்கே இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது. ஒரு முறை கூடுதலாக வந்தால் அது எனக்கு லாபம்.

கடையில் வாங்கிக் கொடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை. கையால்தான் செய்ய வேண்டும். பண்டிகைக்குக் கையால் கொடுப்பது என்றால் நம் ஊரில் பலகாரம்தானே தோன்றும்? நான் பிடிக்கிற மல்லாட்டை உருண்டைக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் உண்டு. ஆனால் சிறுநீரகக்காரர்களுக்கு மல்லாட்டையும் ஆகாது, வெல்லமும் ஆகாது. கேப்பை மாவில் முறுக்கு சுடலாம் என்றால் உப்பு இருக்கிறது. உப்பு பட்டால் தாகம் எடுக்கும். அவர்கள் ஒரு நாளைக்கு குடிக்கிற தண்ணீருக்கே அளவு. வாழைப்பழம், இளநீர் எதுவும் கிடையாது. வாய்க்குக் கொடுக்கிறது எல்லாமே விஷமாகிப் போன மனிதர்களுக்கு என்னதான் கொடுப்பது? இரண்டு நாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன்.

கடைசியில் அவர்களுக்கு அங்கே எதுதான் கஷ்டம் என்று யோசித்தேன். குளிர். மெஷின் இருக்கிற அறை என்பதால் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருகிறபோது உடம்பு இன்னும் சில்லிடும். எல்லோரும் போர்வை கொண்டுவருவார்கள்தான். ஆனால் ஊசி போட்ட கையை மூடக்கூடாது. ஊசி நழுவினால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்தக் கை எப்போதும் வெளியே இருக்கும். கையை வெளியே விட்டால் போர்வை சரிந்துவிடும். சரிந்ததை இழுத்துவிட இன்னொரு கைக்கு எட்டாது. நாலு மணி நேரமும் ஒரு பக்கத் தோள் விறைத்துக் கிடக்கும். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தபிறகும் அந்தத் தோளைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இது ஒரு கஷ்டமா? போர்வையில் ஒரு பக்கம் கைக்கு மட்டும் ஒரு வெட்டு விட்டு, தோளுக்கு மேலே இரண்டு டிச் பட்டன் வைத்துவிட்டால் கை வெளியே நிற்கும், போர்வை சரியாது. நர்ஸிடம் கேட்டேன். ஊசி இருக்கிற இடம் முழுசாகத் தெரிய வேண்டும், துணியை வெந்நீரில் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். நான் தலையணை உறை தைத்துக் கொடுக்கிற கடையில் காடா துணி ஒரு பீஸ் மீந்துபோய், ஓரத்தில் கறையோடு கிடந்தது. கேட்டதும் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்பக்கத்துக்கு என்னுடைய பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்தேன். நூலும் பட்டனும் வீட்டிலேயே இருந்தன. வெளிப்பக்கம் வெள்ளை. ஆஸ்பத்திரிக்கு வெள்ளைதானே சுத்தம் என்று எனக்குப் பட்டது.

ஒவ்வொருவருக்கும் அளவு எது தெரியுமா? எந்தக் கையில் ஊசி என்பதுதான். ஐந்து பேருக்கு இடது கை. கோலியனூர் அக்காவுக்கு மட்டும் வலது கை. அவருடையதை மாற்றி வெட்ட வேண்டியிருந்தது. முதல் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய புடவைத் துண்டை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரரைப் பாயில் படுக்கச் சொன்னேன். இடது கையை நீட்டிக்கொண்டு படுத்தார். நான் டேப்பை எடுத்ததும், "உயிரோட இருக்கிறப்பவே அளவு எடுக்கிறியாம்மே?" என்றார். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று திட்டினேன். ஆனாலும் அவர் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது. அதற்காகவே இன்னொரு தடவை அளவெடுத்தேன்.

அதன்பிறகு நூல் முனையைக் கத்தரிக்கிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். போகி அன்று ஆறையும் இஸ்திரி போட்டு, சட்டை மடிக்கிற மாதிரி மடித்து, பையில் வைத்தேன். நாளைக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. "பையை நான் தூக்கினு வர்றேன்" என்று அவரே சொன்னார். கடைசியாக ஒரு தடவை எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்கிற குரல் அது.

பொங்கலன்று காலை பஸ்ஸில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். வழியெல்லாம் வாசல் வாசலாகக் கோலம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் பொங்கல் வைக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, நர்ஸ் என்னை உள்ளே விட்டார். வயதில் மூத்தவருக்குத்தான் முதலில் என்று இரும்பைப் பெரியவரிடம் போனேன். அவர் ரத்த அழுத்தம் குறைந்து அசதியில் கண் அயர்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் தங்கை டீ வாங்கப் போயிருந்தார். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று மெதுவாகப் போர்த்தினேன். கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, தோளில் பட்டனைப் போட்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அவர் தங்கை வந்தார்.

கையிலிருந்த டீ கீழே விழுந்தது. "அண்ணா" என்று ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். பெரியவர் திடுக்கிட்டு விழித்தார். கை அசைந்ததில் மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நல்லவேளை, ஊசி நகரவில்லை. பெரியவர், "ஏன் இப்பிடிக் கத்தற, நான் தூங்கினு இருந்தேன்" என்று மெல்லிய குரலில் சொன்ன பிறகுதான் அந்தம்மா எழுந்தார். எழுந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்குக் கோடி போட வந்தியாம்மே நீ?"

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. செத்தவர்கள் மேல் போர்த்துகிற புதுத் துணியைத்தான் கோடி என்பார்கள். கண்மூடிப் படுத்திருக்கிற வயதானவர் மேல், கழுத்திலிருந்து கால்வரைக்கும், மஞ்சள் வைக்காத புது வெள்ளைத் துணி. வேறு எப்படித் தெரியும்? புதுத் துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் உடம்பில் போடுவோம். கோடிக்கு மட்டும்தான் வைப்பதில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனதா? இருபது வருஷமாகப் புதுத் துணியோடுதான் புழங்குகிறேன். ஆனால் தைக்கிறவள் மஞ்சள் வைப்பதில்லை. தைத்து, மடித்து, கொடுத்துவிடுவேன். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். என் கை பழக்கப்படியே வேலையை முடித்துவிட்டது. தைக்கும்போது எனக்கு வெட்டும் பட்டனும்தான் தெரிந்தன. மடித்து வைத்தபோது அது ஒரு சட்டை மாதிரிதான் இருந்தது. படுத்திருக்கிற ஆள் மேல் விரித்தால் அது என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் பட்டனைக் கழற்றிப் பெரியவர் மேலிருந்த போர்வையை எடுத்தேன். மன்னிச்சிடுங்கம்மா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் அன்றாடம் சாவை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறி வருகிறார்கள். நான் பண்டிகை நாளில் அதை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இங்க வா. என்னுத எடுத்தாந்து எனக்குப் போத்து."

நான் அசையாமல் நின்றேன். மறுபடியும் கூப்பிட்டார். அவர் எனக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. எல்லோர் முன்னாலும் பெண்டாட்டி கூனிக்குறுகி நிற்கிறாளே, நானாவது அதைப் போர்த்திக்கொள்கிறேன் என்கிற எண்ணம். அவருடைய போர்வையை எடுத்து உதறினேன். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அவர் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். நரம்பெல்லாம் தெரிகிற கழுத்து. நான் அதை அவர் மேல் இறக்க வேண்டும். என்னால் முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை இறங்கவில்லை.

"முடியலைங்க" என்றேன். கண்ணீர்கூட வரவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. மார்கழி முழுக்க நான் கெஞ்சியும் அழுதும் அவருக்குப் புரியவைக்க முடியாத ஏதோ ஒன்றை அந்த நிமிஷம் அவர் பார்த்திருக்க வேண்டும். தான் போய்விட்டால் இவளுக்கு பேஜாரு தீரும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலைதான் அவர் இல்லாத முதல் நாள். அதை அவர் உயிரோடு படுத்துக்கொண்டு பார்த்துவிட்டார். இப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் இதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகு தலையைத் திருப்பி, "அக்கா, மஞ்சா கொத்து வாங்கினீங்களா?" என்று கோலியனூர் அக்காவைக் கேட்டார்.

அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் பொங்கல் வைப்பதாக இருந்தார்கள். பானைக்குக் கட்டுகிற மஞ்சள் கொத்தை அவர் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கி பெஞ்சுக்கடியில் வைத்திருந்தார். அக்கா குரல் கொடுத்ததும், என்ன ஏது என்று கேட்காமல் ஒரு கிழங்கை உடைத்து, குழாயில் மண் போகக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். நர்ஸ் வாசலிலேயே மறித்தார். பிறகு என்னையும் பெரியவரின் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசிக் கைப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அக்காவுக்கு வலது கையில் ஊசி, என் வீட்டுக்காரருக்கு இடது கையில். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அக்காவின் இடது கையும் அவருடைய வலது கையும்தான் சும்மா இருந்தன. அக்கா கிழங்கின் ஒரு முனையைப் பிடித்தார். அவர் மறு முனையைப் பிடித்துத் திருகினார். முதலில் வழுக்கியது. "நல்லா புடி திண்டிவனம், மல்லாட்டை புடுங்கின கைதானே" என்றார் அக்கா. இரண்டாவது தடவை கிழங்கு இரண்டாக முறிந்தது. உள்ளே பச்சை மஞ்சளின் நிறம். அந்த மருந்து வாசனை அறையில் மஞ்சள் வாசனை வந்தது. நான் போர்வையின் மூலையை நீட்டினேன். அவர் ஒரு கையாலேயே அழுத்தித் தேய்த்தார். வெள்ளைத் துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் ஏறியது.

"இப்ப போத்து" என்றார்.

போர்த்தினேன். இந்தத் தடவை கை இறங்கியது. தோளில் பட்டனைப் போட்டேன். அவருடைய உடம்புச் சூடு துணி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"எனக்கு இன்னா, நான் குளுர்ல சாவறதா?" என்று அக்கா சத்தம் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அறையிலிருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அக்காவுக்கு வலது பக்கம் வெட்டிய போர்வையை எடுத்ததும், தனக்கென்று மாற்றித் தைத்திருப்பதைக் கவனித்துவிட்டார். அந்த வெட்டில் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். தன்னுடையதற்கும் இளவயதுக்காரர்கள் மூன்று பேருடையதற்கும் அக்காவே மூலையில் மஞ்சள் தேய்த்துக் கொடுத்தார்.

கடைசியில் ஒரு போர்வை மீந்தது. அதை மடித்துப் பையில் வைக்கப் போனேன். பெரியவரின் தங்கை வந்து என் கையைப் பிடித்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அந்த அரைக் கிழங்கை வாங்கி, மற்றவர்கள் வைத்தது போல ஒரு மூலையில் அல்ல, நாலு மூலையிலும் தேய்த்தார். நடுவிலும் ஒரு கோடு இழுத்தார். கை வலிக்கிற அளவுக்குத் தேய்த்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீயே போத்தும்மா. நீதான தச்ச" என்றார். பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். போர்த்தி முடித்ததும், தோள் கதகதப்பாக இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னார். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மத்தியானம் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு உட்கார்ந்த இடத்தில் தலை சாய்ந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. பொங்கல் வந்துவிட்டது. அவர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. அடுத்த முறை சனிக்கிழமை, காணும் பொங்கல். அதைப் பற்றிப் பேச்செடுக்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டி வெகுநேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"காணும் பொங்கலன்னிக்கு பஸ்ஸு கூட்டமா இருக்கும். வெள்ளனே கெளம்பணும்."

சரிங்க என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதிருப்பேன்.

அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். அலுப்பும் சலிப்பும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று தோன்றுகிற நாட்கள் அவருக்கு இப்போதும் வருகின்றன. அந்த நாட்களில் நான் சண்டை போடுவதில்லை, பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எங்கள் முறையில் புதிதாக யார் வந்தாலும் எந்தக் கை என்று கேட்டுக்கொண்டு வந்து ஒரு போர்வை தைக்கிறேன். இப்போதெல்லாம் பூப்போட்ட துணிதான் தேடி வாங்குகிறேன். அப்படியும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எதையும் வீட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை.

கோலியனூர் அக்கா போன ஆடியில் போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்கு முறை இல்லாத நாள், அதனால் நாங்கள் இருவருமே போனோம். அவருடைய அண்ணன் தம்பிகள் முறைப்படி கோடி கொண்டுவந்து போர்த்தினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் அந்தத் துணி ஒரு நாள் வரும், அதை எந்தத் தையற்காரியாலும் தடுக்க முடியாது. ஆனால் வாரத்தில் மூன்று நாள், அவர் மேல் போர்வையை இழுத்துவிட்டுத் தோளில் பட்டனைப் போடுகிறபோது, இன்றைக்கு இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் இருப்பதே பண்டிகைதான் என்பது அந்தப் பொங்கலுக்கு முன்னால் எனக்குத் தெரியாது.